கழல மறுக்கும் மரையாணி

மோட்டார் வண்டியின் என்ஜினுக்கு அடிப்புறத்தில், குழிந்த தட்டுப் போன்ற ஒரு தொட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதனைச் சம்ப் என்பர். என்ஜினின் உறுப்புகளிடையே ஓடி உழைத்த எண்ணெய் வந்து தங்குமிடம் அதுவே. சிறிய கார்களில் ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெய் அதிலே கிடக்கும். அத்தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளையும், அத்துளையை அடைத்துக்கொண்டு ஒரு மரையாணியும் உண்டு. பட்டறைகளில் இதனை டிரெயின் பிளக் என்று சொல்வார்கள். ஆயில் நட்டு என்பாரும் உளர். பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் முதலில் இந்த ஆணியைக் கழற்றியாக வேண்டும். பெரும்பாலும் அது சொன்ன பேச்சுக் கேட்டுக் கழன்றுவிடும். சில வேளைகளில், என்ன செய்தாலும் அசையாது. அவ்வாறு அசையாமற் போவது ஏன், அசைப்பது எவ்வாறு என்பவற்றையே இங்கு எழுதப் புகுந்தேன்.

நம் சங்கத்து நண்பர்களில் கார் உடையவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அப்படியிருக்க இக்கட்டுரை யாருக்காக என்று கேட்கக்கூடும். விடுதி அறையின் மின்விசிறியிலும், குளியலறைக் குழாயிலும், சைக்கிளின் அச்சிலும் இருப்பது இதே மரைதான். இறுகிய ஆணி ஒன்றின் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதவர் நம்மில் யார்? ஆனால் மற்ற இடங்களில் தவறினால் போவது ஓர் ஆணி. இங்கே தவறினால் போவது சம்ப் முழுவதும். வண்டிக்கு அடியிற் படுத்துக்கொண்டு செய்யும் வேலையாதலால், அதனினும் பெரியதும் போகக்கூடும். ஆகவே மரையின் இயல்பைக் கற்பதற்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடையாது.

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளமே. தில்லிப் பட்டறைகளில் இதனை 'சூடி' என்று சொல்கிறார்கள். வளையலுக்கும் இந்தியில் அதுதான் பெயர். ஆணியின் கழுத்தில் அடுக்கடுக்காக வளையல் போட்டதுபோலத் தோன்றுவதால் அப்பெயர் வந்திருக்க வேண்டும். நம்மவர்களோ மரையை மனிதனின் தலைக்குள்ளேயே வைத்து, அது கழன்றுவிட்டதாகப் பிறரைக் கேலி செய்கிறோம்! கார்களின் டிரெயின் பிளக்குகளில் பரவலாகக் காணப்படும் ஓர் அளவு, 14 மில்லிமீட்டர் விட்டமும், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏற்றமும் கொண்டது. அதாவது ஏறக்குறைய 41 மில்லிமீட்டர் தூரம் சுற்றி வந்தால் 1.5 மில்லிமீட்டர் உயரம் ஏறலாம். 27 அடி நடந்தால் ஓரடி ஏறும் பாதை போன்றது அது. மிக மெல்லிய சரிவு. இந்த மெல்லிய சரிவினால்தான் நம் கையின் சிறு வலிமை, ஆணியின் தலைக்கு அடியில் பெருவிசையாக மாறுகிறது.

எவ்வளவு பெரிது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இத்தகைய ஆணியை 35 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனோடு முடுக்குவது வழக்கத்தை ஒட்டியது. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 18 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுப்பு உண்டாகுமோ அவ்வளவுதான் அது. யாருடைய கையாலும் இயலும். ஆனால் அதன் பயனாக ஆணியின் தலை சம்பை அழுத்தும் விசையோ ஏறத்தாழ 12,500 நியூட்டன். 1,250 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைக்குச் சமம். ஒரு சிறிய கார் முழுவதையும் தூக்கி அந்த ஆணியின் தலைமேல் வைத்தாலும் அவ்வளவு அழுத்தம் வராது.

இனி இதன் வரவு செலவைப் பார்ப்போம். முடுக்கும்போது நாம் செலவிடும் முயற்சி நூறு ரூபாய் என்று கொண்டால், ஏறத்தாழ ஐம்பது ரூபாய் ஆணித்தலையின் அடிப்புறம் உராய்வதிலேயே போய்விடும். இன்னொரு நாற்பது ரூபாய் புரிகளின் உராய்வுக்குப் போகும். எஞ்சிய பத்து ரூபாய்தான் ஆணியை இழுத்து இறுக்கும் உண்மையான வேலைக்குப் பயன்படுகிறது. நம் வீட்டு வரவு செலவுகூட இவ்வளவு மோசமாக இராது. ஆனால் இந்த ஊதாரித்தனம் இல்லாவிட்டால் உலகத்தில் ஓர் ஆணியும் இறுகி நிற்காது. எல்லாம் தாமாகவே சுழன்று கழன்று விழுந்துவிடும்.

கழற்றும்போது கணக்கு மாறுகிறது. உராய்வுக்குரிய தொண்ணூறு ரூபாயை நாம் கொடுத்தே தீர வேண்டும். ஆனால் இறுக்கத்தில் சேமித்து வைத்த பத்து ரூபாய் இப்போது நமக்குத் துணையாகத் திரும்பி வருகிறது. சரிவில் இறங்குகிறோம் அல்லவா? ஆகவே எண்பது ரூபாயிலேயே காரியம் முடிந்துவிட வேண்டும். முறையாக முடுக்கிய ஆணி, முடுக்கியதைவிடக் குறைந்த முயற்சியிற் கழல்வதே இயற்கை. அவ்வாறு கழலவில்லையென்றால், முடுக்கிய நாளுக்கும் இன்றைக்கும் இடையில் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. அல்லது முடுக்கிய அன்றே முறை தவறியிருக்கிறது.

வந்து சேரக்கூடியது துரு. இரும்பு துருவாக மாறும்போது தன் பழைய பருமனைப்போல இருமடங்குக்கும் மேலாகப் பருக்கிறது. இடுக்கில் அகப்பட்ட துரு ஆப்புப் போல வேலை செய்யும். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்நாட்டார் எழுதிய நூல்களில் இறுகிய ஆணி என்றாலே துரு என்றுதான் தொடங்குவார்கள். சென்னைக் கடற்கரையை ஒட்டி நிறுத்தப்படும் வண்டிகளுக்கும் அது ஓரளவு பொருந்தும். ஆனால் டிரெயின் பிளக்கின் நிலைமை மற்ற ஆணிகளைப் போன்றதன்று. அதன் உட்புறம் எந்நேரமும் எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் படிந்த புரியில் துரு எளிதில் ஏறாது. வெளியே தலையின் விளிம்பிலும் வாஷரின் ஓரத்திலும் பழுப்பு நிறம் படர்ந்திருக்கலாம். உள்ளே ஆணி பளபளவென்றுதான் இருக்கும். எஃகு ஆணியும் அலுமினியச் சம்பும் சேருமிடத்தில் நீர் புகுந்தால் இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு உண்டாகும் என்பது உண்மை. அதுவும் வெளி விளிம்பிலிருந்துதான் தொடங்கும்.

ஆகவே நம் நாட்டில், சமவெளி நகரம் ஒன்றில் ஓடும் காரின் டிரெயின் பிளக் அசையவில்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது துருவை அல்ல. அதைக் கடைசியாக முடுக்கிய கையை.

அந்தக் கை ஏன் அவ்வளவு முடுக்கிற்று? அச்சத்தினால்தான். ஆணி கழன்று விழுந்தால் எண்ணெய் முழுவதும் தெருவில் கொட்டும். என்ஜின் சில நிமிடங்களில் கெட்டுப்போகும். 'இன்னும் அரைச் சுற்று முடுக்கி வைப்போம்' என்று தோன்றுவது இயல்பே. ஆனால் எண்ணெய் ஒழுகாமல் தடுப்பது இறுக்கம் மட்டுமன்று, ஆணித்தலைக்கும் சம்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வாஷருங்கூட. செம்பினாலோ அலுமினியத்தினாலோ செய்த அந்த வளையம் மென்மையானது. இருபுறத்து மேடு பள்ளங்களிலும் தன்னை அழுத்திக்கொடுத்து இடைவெளியை அடைத்துவிடும். ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடுகிறது. அடித்து அடித்துக் குடம் செய்யும் கன்னார், இடையிடையே அதனை நெருப்பில் இட்டுச் சிவக்கக் காய்ச்சுவது இதனால்தான். காய்ச்சினால் செம்பு மீண்டும் இளகிய பதத்துக்கு வரும். பழைய வாஷரையே திரும்பப் போடுகிறவர் அவ்வாறு காய்ச்சிப் போட்டால் குற்றமில்லை. பழங்காலத்து மெக்கானிக்குகள் சிலர் அப்படியே செய்வர். அலுமினிய வாஷரை இவ்வாறு மீட்க முயலாமல் புதிதாகவே போட்டுவிட வேண்டும். ஆனால் அவசரத்தில் வேலை செய்யும் இடங்களில் காய்ச்சுவதும் இல்லை, புதியது போடுவதும் இல்லை. கடினமான பழைய வாஷர் கசிகிறது. கசிவை நிறுத்த மேலும் முடுக்குகிறார்கள். அடுத்த முறை இன்னும் மேலே. சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு வளையத்தை மிச்சம் பிடித்ததில் தொடங்கிய தொல்லை, ஐந்தாறு எண்ணெய் மாற்றங்களில் சம்பின் புரியையே தின்றுவிடுகிறது. இதற்குமேல், சக்கரங்களைக் கழற்ற வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கியால் டிரெயின் பிளக்கை முடுக்குவாரும் இருக்கிறார்கள். சில நூறு நியூட்டன் மீட்டர் தரவல்ல கருவி அது. 35 கேட்கும் ஆணிக்கு அதைக் கொண்டு வருவது, கொசுவை அடிக்க உலக்கை எடுப்பது போன்றது.

சென்ற தை மாதத்தில் இத்தகைய ஆணி ஒன்றோடு பழக நேர்ந்தது. விடுதித் தோழர் ஒருவரின் பெரியப்பா தில்லியில் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வயதான சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்றக் கொண்டுபோன பட்டறையில் ஆணி அசையவில்லை. இரண்டு முறை ஸ்பானர் வழுக்கியதும், "சம்ப் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அவருடைய அந்த மாத ஓய்வூதியத்தில் கணிசமான பகுதி அது. ஆணியைச் சென்ற முறை முடுக்கியவர்களும் அவர்களே என்பதுதான் வேடிக்கை.

"தம்பி, நீ பௌதிகம் படிக்கிற பிள்ளை. உன் பௌதிகம் இதற்கு ஏதாவது சொல்கிறதா?" என்றார் பெரியப்பா.

சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பௌதிகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஜாக்கியினால் மட்டும் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருவரும் போகக்கூடாது. ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு உரியது. உயிரைத் தாங்குவதற்கு உரியதன்று. சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக் இட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்து, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியிற் புக வேண்டும். செங்கல் அடுக்கித் தாங்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும். இறுகிய ஆணிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனெனில் நீண்ட பிடியைப் போட்டு நாம் பக்கவாட்டில் இழுக்கும் விசை, ஆணியை மட்டுமல்லாமல் வண்டியையுந்தான் இழுக்கிறது. பெரியப்பாவின் குடியிருப்பில் மேடும் பள்ளமுமான தரையே இருந்தது. ஆகவே வீட்டிலேயே செய்யும் எண்ணத்தை விட்டு, காஷ்மீரி கேட் பக்கத்துச் சந்து ஒன்றில் குழி வைத்த சிறு கொட்டகைக்கு வண்டியைக் கொண்டு போனோம். அங்கே வேலை செய்தவரை எல்லோரும் உஸ்தாத் என்றே அழைத்தார்கள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம்.

உஸ்தாத் செய்தவற்றில் எதுவும் மந்திரமன்று. ஒவ்வொன்றுக்கும் பௌதிகத்தில் இடம் இருக்கிறது.

முதலில் ஆணியின் தலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தார். அறுகோணத் தலையின் மூலைகளில் மண் அடைந்திருந்தால் சாக்கெட் முழு ஆழமும் இறங்காது. மேலோடு பற்றிய கருவி மூலைகளைத்தான் மழுக்கும். அடுத்து, தன் பெட்டியில் இருந்த பன்னிரு முனைச் சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு அறுமுனைச் சாக்கெட்டை எடுத்தார். பன்னிரு முனையுடையது எந்தக் கோணத்திலும் எளிதாக மாட்டும். ஆனால் மூலைக்கு மிக அருகிலேயே அழுத்தும். அறுமுனையுடையது மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பக்கங்களின்மேல் அழுத்துகிறது. எற்கனவே இருமுறை வழுக்கிய தலைக்கு இந்த வேறுபாடே வாழ்வும் சாவும். 17 மில்லிமீட்டர் தலைக்கு, பக்கத்தில் கிடக்கிறதே என்று பதினாறில் பதினோரு பங்கு அங்குல ஸ்பானரைப் போடுவாரும் உண்டு. அது 17.46 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தளர்ச்சி போதும், ஆறு மூலைகளையும் உருட்டிவிட. முனை இருபுறமும் திறந்த சாதாரண ஸ்பானரை இந்த வேலைக்கு நினைக்கவே கூடாது.

பிறகு என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தச் சொன்னார். எண்ணெய் இளகி நன்றாக வடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். சம்ப் அலுமினியமானால் இன்னொரு காரணமும் உண்டு. வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. தில்லிக் குளிரின் 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் 14 மில்லிமீட்டர்த் துளை, ஆணியைவிடச் சுமார் 8 மைக்ரான் அதிகமாக விரியும். ஒரு தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் புரிகளுக்கிடையே பிடித்திருக்கும் படிவை விரிசல் காணச் செய்ய இதுவே பேருதவி. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். நெடுநேரம் ஓடிய என்ஜினின் எண்ணெய் 100 டிகிரியைத் தொடும். ஆணி கழன்றதும் அது நேரே முழங்கையில் வழியும்.

வாஷரின் ஓரத்தில் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுவைத்தார். நுண்புழைக் கவர்ச்சியால் அது இடுக்கில் ஏறும். இதனால் பெரிய பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. புரியில்தான் முன்பே எண்ணெய் இருக்கிறதே! ஆனால் நூறு ரூபாயில் ஐம்பது ரூபாய் தலையின் அடிப்புறத்தில் அல்லவா செலவாகிறது? அவ்விடத்துக்கு உள்ளிருக்கும் எண்ணெய் வருவதில்லை, வாஷர் தடுத்துவிடுகிறது. வெளியிலிருந்து தெளிப்பது அங்கே கொஞ்சம் உதவக்கூடும். ஆகையால் பத்து நிமிடப் பொறுமை வீணன்று.

அடுத்ததுதான் முக்கியமானது. பித்தளைத் துண்டு ஒன்றை ஆணித்தலையின்மேல் வைத்து, சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுத் தட்டினார். பலம் கொண்டு அடிக்கவில்லை, தட்டினார். அரைக் கிலோச் சுத்தியல் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், அந்தக் கணத்தில் எழும் விசை 2,000 நியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு நிகர். ஆனால் ஆற்றல் மிகச் சிறியது. ஆகவே அலுமினியத்தை உடைக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும் பரப்புகளை மட்டும் அதிரவைத்துப் பிரிக்கிறது. கைவலிமையை அமைதியாக ஏற்றிக்கொண்டே போகும் மனிதனுக்கும், சுருக்கென்று ஒரு தட்டுத் தட்டுகிறவனுக்கும் இதுவே வேறுபாடு. வார்ப்பு அலுமினியம் வெடிக்கக்கூடியது என்பதால் தட்டு ஆணியின் தலையில் மட்டுமே விழ வேண்டும்.

பின்னர் நீளமான பிடியைச் சாக்கெட்டில் மாட்டினார். இவ்விடத்தில் திசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கும்போது, அதிலும் ஆணி பின்னோக்கியோ பக்கவாட்டிலோ திரும்பி நம் கண்ணுக்குத் தலை தெரியாமல் இருக்கும்போது, எது வலம் எது இடம் என்று மயக்கம் வருவது உண்டு. கழற்றுவதாக நினைத்து முடுக்கிவிடுபவர் பலர். நீண்ட குழாய் ஒன்றும் அதனோடு சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை: 60 சென்டிமீட்டர்க் குழாயில் 30 கிலோ இழுப்பு, 175 நியூட்டன் மீட்டருக்கு மேல், உரிய அளவைப்போல் ஐந்து மடங்கு. அலுமினியப் புரி அதைத் தாங்காது. மின்காந்தவியல் வகுப்பில் நாம் பயன்படுத்தும் வலக்கை விதி இங்கே கைகொடுக்கும். ஆணி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டுமோ அந்தப் பக்கம் வலக்கைக் கட்டைவிரலை நீட்டுக. மற்ற விரல்கள் மடங்கும் திசையிலேயே சுழற்றுக. தலை கீழாகக் கிடந்தாலும், கண்ணை மூடிக்கொண்டாலும் இது தவறாது.

இறுகிய ஆணியை முதலில் சிறிது முடுக்கிவிட்டுப் பின் கழற்ற வேண்டும் என்று ஒரு வழக்கு உண்டு. துருவினால் இறுகியதற்கு அது சரி. படிவு எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதானே. மிகையாக முடுக்கியதால் இறுகியதற்கு அதே மருந்தைக் கொடுத்தால், சாகக் கிடக்கும் புரியைக் கொன்று முடிப்பதாகும்.

உஸ்தாத் இடக்கையால் சாக்கெட்டைத் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, பிடியைச் செங்குத்தாக நிற்க வைத்து இழுவையைச் சிறிது சிறிதாக ஏற்றினார். அசையவில்லை. இழுவையைத் தளர்த்தாமலே பிடியின் நுனியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து. 'டக்' என்று ஓர் ஓசை. எனக்குத் தலை முறிந்துவிட்டதோ என்று நெஞ்சு திக்கென்றது. அவரோ, "சூடி பச் கயீ" என்றார். புரி பிழைத்தது என்று பொருள்.

வெளியே வந்த ஆணியைத் துடைத்துப் பார்த்தோம். துரு மருந்துக்கும் இல்லை. இருந்தது, காகிதம்போல் நசுங்கிய வாஷர் ஒன்று, அதன்மேல் இன்னொரு வாஷர், இரண்டையும் சுற்றி ஒட்டுப் பசை. தலைக்கு அருகிலிருந்த முதற் புரியில் அலுமினியத் துகள் அப்பியிருந்தது. ஆணியில் எத்தனை புரிகள் இருந்தாலும் சுமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை முதற் புரியே தாங்குகிறது. ஆகவே முதலில் சாவதும் அதுவே. மற்றவை நலமாயிருந்தன. பெரியப்பா சம்புக்காக எழுதிய கணக்கை அங்கேயே நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதிய ஆணியும் செம்பு வாஷரும் அதே சந்தில் வாங்கியாயிற்று.

இவ்வளவும் செய்தும் கழலாவிடின்? தலை மழுங்கிவிட்டால், சற்றே சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பார்க்கலாம். பூட்டிக்கொள்ளும் குறடுகளும் உண்டு. தலையின் ஓரத்தில் உளி வைத்துக் கழலும் திசையில் அடிப்பது கடைசி வழி, கைத்தேர்ச்சி வேண்டும். தீப்பந்தத்தைக் காட்டுவதை நான் ஒப்ப மாட்டேன். மேலே 3 லிட்டர் எண்ணெயும், பக்கத்தில் பெட்ரோல் குழாயும் இருக்கின்றன. தோல்வியை ஒப்புக்கொண்டு பின்வாங்குவதிலும் இழிவில்லை: எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் குழாய் வழியே மெல்லிய குழல் விட்டு, உறிஞ்சும் பம்பினால் பழைய எண்ணெயை மேலேயே எடுத்துவிடலாம். பல வண்டிகளில் இது நடக்கும். அடியில் தங்கிய கசடு சிறிது நின்றுவிடும் என்பதே குறை. புரி உண்மையாகவே உதிர்ந்துவிட்டதானால், துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டி, கம்பிச் சுருள் வடிவான எஃகுப் புரி ஒன்றை உள்ளே பதிக்கும் முறை இருக்கிறது. நன்றாகச் செய்தால் பழைய அலுமினியப் புரியைவிட உறுதியானது அது. வெட்டிய துகள் சம்புக்குள் விழாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படியாயினும், முழுச் சம்பையும் மாற்றுவது கடைசியிற் சொல்ல வேண்டிய வார்த்தை. முதலிற் சொல்ல வேண்டியதன்று.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா ஆணியும் என்ஜின் ஆணியன்று. பக்கத்திலேயே கியர்பெட்டிக்கும் ஓர் ஆணி இருக்கும். அதைக் கழற்றிக் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, என்ஜினில் பழைய எண்ணெயின்மேல் புதியதை ஊற்றியவர்கள் உண்டு. வண்டியோடு கொடுக்கும் கையேட்டைப் பார்த்து எது எதுவென்று உறுதி செய்துகொள்க. கியர்பெட்டியிலேயே வேலையென்றால், எண்ணெய் ஊற்றும் மேல் ஆணி கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் ஆணியைத் தொட வேண்டும். மேலது கழலாமல் கீழதை மட்டும் கழற்றினால் வண்டி அவ்விடத்திலேயே நிற்கும்.

திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே சுழற்ற வேண்டும். விரலுக்குத் தெரியும் கோணல் ஸ்பானருக்குத் தெரியாது. புரி கோணலாக ஏறினால் அதுவே அடுத்த தொல்லைக்கு விதை. இறுதி முடுக்குக்குத் திருப்புத்திறன் காட்டும் ஸ்பானர் இருந்தால் கையேடு சொல்லும் எண்ணில் நிறுத்தலாம். இல்லாதவர் குட்டையான ஸ்பானரை எடுத்து, வாஷர் நசுங்குவது கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். குட்டை ஸ்பானர் என்பது வலிமைக்குப் போட்ட வேலி.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றுவாரைத் தில்லியில் நாள்தோறும் காணலாம். அந்தச் சாக்கடை போய்ச் சேருமிடம் யமுனை. பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் அடங்கும் பொருள். மூடியுள்ள கலத்தில் ஊற்றி, அதனை முறையாக வாங்குமிடத்தில் சேர்த்தால் மீண்டும் சுத்திகரித்துப் பயன்படுத்த முடியும். கையிலும் அதிகம் படவிடாமல் உறை அணிந்துகொள்வது நல்லது. பலமுறை எரிவெப்பத்தைக் கண்ட எண்ணெயில் தோலுக்குத் தீங்கான சேர்மங்கள் உண்டு.

புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திய பின், ஆணிக்கு நேர் கீழே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுக. காலையில் தாளில் ஒரு சொட்டுக் கறை தெரிந்தால், ஸ்பானரை எடுக்க வேண்டாம். வாஷரை மாற்றுக.